டோம்பிவிலிக்காரர்கள் முன்னால் நான் ஆடிய நடனம்

என் முதல் நடனத்துக்கு யாரும் கைதட்டவில்லை. பார்த்தவர்களில் சிலர் குனிந்து பலகாரத் தட்டைப் பார்த்தார்கள். சிலர் என் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அதற்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப்போகிற தாழ்வான மச்சு ஒன்று. கீழே மூலையில் குளிக்கிற இடம்; அதை மோரி என்போம். அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கல்லூரியில் கடைசி வருஷம். அன்றாடம் சட்டென்று குளித்துவிட்டு ஓடுகிறவள், மாதத்தில் ஒரு நாள் மட்டும் மோரிக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டாள்.

"உள்ள என்ன தூங்குதியா? எனக்கு டூட்டிக்கு லேட்டாவுது" என்று அப்பா கதவைத் தட்டுவார்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். தண்ணீர் மிச்சம் பிடிப்பதற்காக அம்மா என்னையும் அத்தையோடு குளிக்க அனுப்புவாள். அத்தை ஒரு சின்னக் கண்ணாடியைக் குழாயில் மாட்டுவாள். இரண்டு கையையும் தூக்கி நின்று தன்னைப் பார்ப்பாள். பிறகு ஒரு கையைப் பின்னந்தலையில் வைத்துக்கொண்டு, மறு கையின் மூன்று விரல்களைச் சேர்த்து, அக்குளில் தொடங்கி சின்னச் சின்ன வட்டமாக மார்பெங்கும் தடவிக்கொண்டே வருவாள். அடுத்து மறுபக்கம். என் கண்ணுக்கு அது சுத்தமான நடனம். என்னவென்று கேட்டேன்.

"காலேஜுக்கு ஒரு டாக்டரம்மா வந்து சொல்லிக்குடுத்தாவ. நம்ம உடம்ப நாமதான பாத்துக்கிடணும்? நீயும் பெரியவளானா பாக்கணும்."

உடம்பைப் பார்ப்பது என்றால் அழகு பார்ப்பது என்று நான் எடுத்துக்கொண்டேன். மச்சில் தனியாக இருக்கும்போது ஆடிப் பழகினேன். அத்தையின் ஆட்டத்தில் இடுப்பசைவு போதவில்லை என்று பட்டதால் அதைக் கொஞ்சம் சேர்த்தேன். முடிவில் ஒரு சுழற்சியும் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க டோம்பிவிலியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. அவர்களும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள்தான். டோம்பிவிலியில் மளிகைக்கடை வைத்திருந்தார்கள். தண்டவாள வேலைக்காக ஞாயிறுதோறும் ரயிலைக் குறைக்கிற மெகா பிளாக்கில், நின்று நின்று வந்த கதையைச் சொல்லி முடித்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். அதன் பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. மின்விசிறி மட்டும் கடகடத்தது. இந்த மாதிரி நேரத்தில் பெரியவர்களுக்கு ஒரு குழந்தை தேவைப்படும். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ டான்ஸெல்லாம் ஆடுவியா?"

"அத்த சொல்லிக்குடுத்த டான்ஸ் ஆடட்டா?"

பேச்சுக்கு ஒரு வழி பிறந்ததே என்று அம்மா சிரித்துத் தலையாட்டினாள். நான் அறையின் நடுவில் நின்று கையைத் தூக்கினேன். மூன்று விரலைச் சேர்த்து வட்டம் போடத் தொடங்கியதுமே அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. "போதும்ட்டி" என்றாள். மறுபக்கம் பாக்கி இருந்ததால் நான் நிறுத்தவில்லை. சுழற்சியோடு முடித்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா மட்டும், "பரதநாட்டியமோ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அத்தை சிரித்து மழுப்பியிருக்கலாம். அம்மா கண்ணாலேயே அதைத்தான் கெஞ்சினாள். அத்தை டீத் தட்டைக் கீழே வைத்தாள்.

"டான்ஸ் இல்ல. மார்ல கட்டி ஏதும் இருக்கான்னு மாசா மாசம் நாமளே தடவிப் பாக்கது. நான் பாப்பேன். இவ அதப் பாத்துட்டு ஆடுதா."

எங்கள் வீட்டில் ஆண்கள் முன்னால் அந்த வார்த்தை அதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை. அப்பாவுக்கு இருமல் வந்தது. மாப்பிள்ளை செல்போனை எடுத்து, அது அணைந்திருப்பதையும் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மட்டும் தலையைக் குனியவில்லை. எனக்கோ, டான்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டாளே என்று கோபம்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "நான் பொண்ணுகிட்ட தனியாப் பேசணும்."

தனியாகப் பேசுவது தன் வேலை என்று நினைத்து பாதி எழுந்த மாப்பிள்ளை மறுபடி உட்கார்ந்தார். என்னைக் கீழே விட்டால் அம்மா கையில் அகப்படுவேன் என்று அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு ஏணியேறினாள்.

மச்சில் நிமிர்ந்து நிற்க முடியாது. மூவரும் பாயில் உட்கார்ந்தோம். அவர் வெகுநேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இங்கன ஒரு கட்டி இருக்கும்மா" என்று இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "வலிக்கவே இல்ல. ஆனா போவவும் மாட்டேங்கு."

எனக்குத் தெரிந்த கட்டியெல்லாம் வெல்லக்கட்டியும் சோப்புக்கட்டியும்தான். இவர் எதையோ ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து ஆவலோடு பார்த்தேன்.

"வலிக்கலன்னாலும் காட்டணும்" என்றாள் அத்தை. "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்ல? வீட்ல எல்லாம் ஆம்பளைங்க. இவன் கல்யாணம் முடியட்டும், அப்பொறம் பாப்போம்னு இருக்கேன்."

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாக் கட்டியும் புத்துநோய் கெடயாது. ஆனா அத டாக்டர்தான் சொல்லணும், நாம சொல்லக்கூடாது. நாளைக்கே போவோம். நான் கூட வாரேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க காட்டுனாத்தான் நான் கல்யாணத்துக்குச் சம்மதிப்பேன்."

அவர் அத்தையையே பார்த்தார். பிறகு அழுகையும் சிரிப்புமாக எழுந்து, மச்சின் கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

கீழே இறங்கியதும், "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. ஆனா பொண்ணு ஒரு கண்டிஷன் போட்டிருக்கா" என்று அறிவித்தார். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தனிக்குடித்தனமோ என்று மாப்பிள்ளையின் அப்பா கவலைப்பட்டார். "என்ன கண்டிஷன்மா?" என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்று சொல்லிவிட்டு அவர் மீதிக் கேசரியைச் சாப்பிட்டார்.

மறுநாள் அத்தையும் மாப்பிள்ளையின் அம்மாவும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதித்தார்கள். அது புற்றுநோய்தான். ஆனால் அக்குள் பக்கம் பரவாமல் அந்த இடத்தோடு நின்றிருந்தது. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். ஆபரேஷன் நடந்தது. பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அவருடைய முடியெல்லாம் கொட்டியது. கல்யாணத்தைத் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளையும் அத்தையும் தனியாகப் பேசவேண்டியதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேசி முடித்தார்கள்.

சொந்தக்காரர்கள் அப்பாவிடம் வந்து, சீக்கு இருக்கிற வீட்டில் பெண்ணைக் கொடுக்காதே என்றார்கள். அப்பாவும் கொஞ்சம் ஆடித்தான் போனார். அத்தை ஆடவில்லை.

"கண்டிஷன் போட்டது நானு. அவிய அத முடிச்சுட்டாவ. இப்பம் நான் வாக்கு மாறுனா என்ன நியாயம்ணே?"

அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. யாராவது எடுத்தாலும் பட்டறைக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுவார்.

இதற்கிடையே எங்கள் மச்சில் கூட்டம் சேரத் தொடங்கியது. முதலில் அம்மாதான், ஒரு மத்தியானம் வெட்கப்பட்டுக்கொண்டே, "எனக்கும் சொல்லிக்குடு" என்று அத்தையிடம் கேட்டாள். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி. அப்புறம் அத்தையோடு படித்த பெண்கள், அவர்களுடைய தங்கைகள். மாதத் தூரம் முடிந்த சில நாளில் பார்க்கணும், விரல் நுனியால் அல்ல, விரலின் உள்பக்கத்தால் பார்க்கணும், அக்குளை விடக்கூடாது என்று அத்தை தமிழிலும் ஹிந்தியிலும் மாற்றி மாற்றிச் சொல்வாள். "எம் மவ டோம்பிவிலிக்காரங்க முன்னால ஆடுன டான்ஸு" என்று அம்மா எல்லோரிடமும் பெருமையடித்தாள். என் இடுப்பசைவையும் சுழற்சியையும் எடுத்துவிட்டார்களே என்பதுதான் எனக்குக் குறை.

டோம்பிவிலிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. மாப்பிள்ளையின் அம்மா, டாக்டர் சொன்னபடி, சுவரைப் பார்த்து நின்று, ஆபரேஷன் ஆன பக்கத்து இடது கை விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே மேலே ஏற்றுவார். தோள் உயரத்துக்கு மேல் போனால் முகம் சுருங்கும். நான் பக்கத்தில் நின்று என் விரல்களை ஏற்றுவேன். எட்டு வயதுக்காரியிடம் ஒரு பெரியவர் தோற்றுக்கொண்டே இருந்தால் சந்தோஷமாகத்தானே இருக்கும்! நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன்.

கல்யாணம் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அவருக்கு அப்போது முடி பள்ளிக்கூடப் பையன்களுக்கு இருக்கிற அளவு வளர்ந்திருந்தது. அதை மறைக்காமல், பக்கவாட்டில் ஒரு ரோஜாவைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். பார்த்தவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு அவர் நடந்த நடையைப் பார்த்து வழிவிட்டார்கள்.

மேளம் கொட்டியது. அத்தை கழுத்தில் தாலி ஏறியது. மாப்பிள்ளையின் அம்மா இடது கை நிறைய அட்சதையை அள்ளி, கையைத் தலைக்கு மேலே, காதை ஒட்டி, நேராகத் தூக்கி வீசினார். பாதி அரிசி மணமக்கள் மேல் விழுந்தது. மீதி என் தலையில். ஒன்றிரண்டு கண்ணிலும் விழுந்துவிட்டது. எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தேன். அத்தை மணமேடையில் உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள், கன்னமெல்லாம் கண்ணீர். மாப்பிள்ளையின் அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

கையில் இருந்த அரிசியெல்லாம் தீர்ந்த பிறகும், அவர் ஏன் அந்தக் கையை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.