இல்லாத பக்கம்

சுவிட்சைப் போட்டதும் பூதத்தான் மோட்டாரைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு குழாயில் கன்னத்தை வைக்கிறார். தாமிரபரணி உள்ளே ஏறி வருவது தோலுக்குத் தெரிந்த பிறகுதான் வால்வைத் திறப்பார். முக்கூடல் ஆற்றங்கரையில் குடிநீர் மோட்டார் ஓட்டும் சங்கிலிபூதத்தானுக்கு வயது முப்பத்திநாலு. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. தன் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கும்.

இருபத்திமூன்று வயதில் புற்றுநோய்க்காக இடது விரையை எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லித்தான் பேச்சித்தாயைக் கட்டினார். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. தொண்ணூற்றாறு மார்கழியில் அந்த வெற்றிடம் வலிக்கத் தொடங்கியது.

"ஒண்ணுமில்லாத எடம் வலிக்கி அண்ணாச்சி. ஆரோ பையப் பிடிச்சு இழுக்க மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

பாளையங்கோட்டை டாக்டர் மகேஸ்வரனிடமும் இதையே சொன்னார். அவர் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுத்தார். வலியே இல்லாத வலது விரைக்குள் பட்டாணி அளவில் ஒரு கட்டி.

"இதையும் எடுத்துட்டா பிள்ளைக்கு வழியில்ல. ஆயுசுக்கும் ஹார்மோன் ஊசி போடணும். கட்டிய மட்டும் எடுத்துப் பாக்கேன். சுத்தி நல்லாருந்தா மிச்சத்த வச்சிருவோம். இல்லைன்னா முழுசா எடுக்கணும். ரெண்டுக்கும் இப்பவே சம்மதிக்கணும்" என்றார்.

"எனக்கு ஆளு வேணும் டாக்டர். மத்ததெல்லாம் பெறவு" என்றாள் பேச்சித்தாய்.

முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. நினைவு இருந்தது. முகத்துக்கு எதிரே பச்சைத் துணி. அதற்கு அப்பால் ஐஸ் உடைக்கும் சத்தம். ரத்தக்குழாயை இறுக்கிப் பிடித்து, ரத்தமில்லாமல் விரை கெட்டுவிடாதபடி அதைச் சுற்றி ஐஸை அடுக்கி, கட்டியைத் தோண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு எல்லோரும் முடிவுக்குக் காத்து நின்றார்கள்.

"பொணத்துக்குத்தான் ஐஸ் வச்சுப் பாத்திருக்கேன். மரத்த உடம்புல ஒண்ணும் தெரியல. இடது பக்கம் மட்டும் குளுந்துச்சு அண்ணாச்சி."

இருபது நிமிடம் கழித்து டெலிபோன் அடித்தது. யாரோ எடுத்துக் கேட்டார்கள். அப்புறம் டாக்டரின் குரல்: "ஐஸ எடுங்க."

கட்டி புற்றுதான். ஆனால் அதன் விளிம்பு சுத்தமாக இருந்தது. மிச்சம் பிழைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறார். இதுவரை எதுவும் முளைக்கவில்லை. இடப்பக்க வலியும் அன்றோடு நின்றுபோனது.

தையல் பிரித்துத் திரும்பிய அன்று, பஸ்ஸில் பேச்சித்தாயிடம் திடீரென்று கேட்டாராம்: "மொத எடுத்தத எங்கன போட்டிருப்பாங்க?"

டவுனிலேயே இறங்கிவிட்டார். முதல் ஆபரேஷன் நடந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரி இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள், பின்பக்கச் சுவரும் கருவேலமும்தான் மிச்சம்.

"வெயில் ஏறுது, வாங்க" என்று பேச்சித்தாய் கூப்பிட்டாள்.

பூதத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து, சாமி முன்னால் கட்டுவதுபோல் இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தச் சுவரைப் பார்த்து நின்றார்.