மிஷின் கடையில் தூங்கியவள்

ரம்ப மிஷின் வாங்கப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போன மரவேலைக்காரன் இந்த பெங்களூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கூட்டிக்கொண்டு போனது மட்டுமில்லை. கடையில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்து, மிஷினை ஓட விட்டு, அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். என் கணக்கு தப்பியதில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலம்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டேன். தொம்மலூரில் ஒரு தகரக் கொட்டகையில் என் பட்டறை. அங்கிருந்து போன அலமாரிகளும் கட்டில்களும் இந்த ஊர் அடுக்குமாடிகளில் எத்தனை நிற்கின்றன என்று எனக்கே தெரியாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் வரைபடத்தை என் முன்னால் விரித்து, "மாஸ்டர், இது வருமா?" என்று கேட்பார்கள். நான் வரும் என்றால் வரும். இத்தனை வருஷம் ரம்பத்தோடு புழங்கியும் பத்து விரலும் முழுசாக இருக்கின்றன. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

என் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். எப்போதும் ராத்திரி டூட்டிதான். விடிந்ததும் வருவாள், சோறு பொங்கி வைத்துவிட்டுப் படுப்பாள். எங்கள் அறைக்கும் பட்டறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் என் பழைய ரம்பம். மோட்டாரிலிருந்து பட்டையான நீள பெல்ட் ஒன்று அதைச் சுழற்றும். பெல்ட்டின் இரு முனைகளையும் இரும்பு கிளிப் போட்டுச் சேர்த்திருந்தேன். அந்த மூட்டு சக்கரத்தின் மேல் ஏறும்போதெல்லாம் 'டக்' என்று கேட்கும். பகல் பூராவும் டக், டக், டக். தகரத்தில் இருந்த ஓட்டைகள் வழியே வெயில் குச்சி குச்சியாக இறங்க, அதில் மரத்தூள் மிதக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் அவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். மிஷின் நின்றால்தான் விழிப்பாள்.

"இன்னாங்க, கரண்ட்டு பூட்ச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

பிறகு அந்த இடத்தை ஆபீஸ் கட்டுகிறவர்கள் வாங்கினார்கள். பழைய ரம்பம் எடைக்குப் போனது. நான் சந்தாபுராவில் என் சொந்த உழைப்பில் ஒரு வீடு கட்டினேன். அவளும் வேலையை விட்டாள். சுற்றிலும் காலி மனைகள், நல்ல காற்று, சத்தமே கிடையாது. அந்த அமைதியில்தான் அவள் தூக்கம் போனது.

ராத்திரி தூங்கிப் பழகாத உடம்பு. பகலில் படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். டாக்டர் கொடுத்த மாத்திரை அவளைத் தூங்க வைக்கவில்லை, தள்ளாட வைத்தது. நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். ஒருநாள் அடுப்பைப் பற்ற வைக்காமல் கேஸைத் திறந்து விட்டுவிட்டு, பால் பொங்கட்டும் என்று நின்றிருந்தாள். நான் ஓடிப்போய் மூடினேன். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. இப்படியே விட்டால் இவளை இழந்துவிடுவேன் என்று தோன்றியது.

மகன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். செல்போனில் ஏதோ ஒரு ரம்பச் சத்தத்தைத் தேடிப் பிடித்து அவள் காதில் மாட்டிவிட்டான்.

"யார் வூட்டு மிஷினோடா இது, நம்முது இல்ல" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

பக்கத்து மனையில் வீடு எழும்பியபோது ஒரு மத்தியானம் டைல்ஸ் வெட்டினார்கள். கூச்சல் தாங்காமல் நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். வாசல்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி ஆய்ந்த முருங்கைக் கீரை, தலை தூணில் சாய்ந்திருந்தது. கண் மூடிவிட்டதோ என்று நான் குனிந்த நேரத்தில் கட்டர் நின்றது. அவளும் நிமிர்ந்துவிட்டாள். ஆனால் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது: காதில் மாட்டினால் ஆகாது, நிஜ மிஷின் பக்கத்தில் ஓட வேண்டும். எந்த டாக்டருக்கும் பிடிபடாதது.

"கார் நிறுத்துற எடம் சும்னே தானே கெடக்குது? ஒரு ரம்பம் வாங்கிப் போடப் போறேன்" என்றேன்.

"இந்த வயசுல இன்னாத்துக்கு? யாருக்குக் கட்டில் பண்ணப் போறீங்க?"

"நீயும் வா. நீதான் பாத்துச் சொல்லணும்."

மார்க்கெட்டுக்குப் போகும் பஸ்ஸில் எல்லாரும் தூங்கினார்கள். அவள் மட்டும் ஜன்னலோரத்தில் விழித்திருந்தாள். கண்ணாடியில் மரங்களும் மேம்பாலங்களும் அவள் முகத்தின் மேலாகவே ஓடிக்கொண்டிருந்தன.

முதல் கடையில் சின்ன மிஷின்கள். ஒரு கையால் தூக்கலாம், விலையும் குறைவு. ஓட விட்டதும் கிறீச்சென்று ஒரு அலறல். அவள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது கடையில் பெரிய மிஷின். அடிப்பாகம் முழுக்க இரும்புப் பெட்டி, யானைக்குட்டி கனம். கேட்க கம்பீரமாக இருந்தது. ஆனால் அதற்கு த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும், என் வீட்டில் இல்லை. விலையைக் கேட்டதும் நானே பேச்சை மாற்றிவிட்டேன்.

மூன்றாவது கடைப் பையன் நல்ல பேச்சுக்காரன். "ஹைப்ரிட் பாருங்க சார்" என்றான். பெரியதற்கும் சின்னதற்கும் நடுவில் ஒன்று. வார்ப்பிரும்பு மேசை, பெரிய மிஷினில் இருப்பது மாதிரி மோட்டார், பெல்ட்டில் ஓடும், ஆனால் வீட்டுக் கரண்ட்டே போதும். நான் சும்மா தலையாட்டுகிற ஆளா? கொண்டுபோன ஸ்கேலை மேசை மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்து மேடு பள்ளம் பார்த்தேன். பிளேடு மாட்டும் தண்டைப் பிடித்து ஆட்டினேன். பலகையை அணைத்துத் தள்ளும் கட்டையை நகர்த்திப் பூட்டி, பிளேடுக்கு நேராக நிற்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்தேன்.

"மாஸ்டர் கையின்னு தெரியுது சார்" என்றான்.

"தெரியணும்" என்றேன்.

புது மிஷின் ஃபேன் மாதிரி ஓடியது. அவள் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கவனித்தாள்.

"நல்லாதான் இருக்குது. தூக்கம் வரல" என்றாள்.

பையன் என்னைப் பார்த்தான். "அம்மாக்கு உஷார் இல்லையா சார், ஒடம்பு சரியில்லையா? தண்ணி தரட்டா?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல. வேற இருக்கா?"

கடையின் பின்பக்கம், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இன்னொன்று நின்றது. அதே ஹைப்ரிட். காட்டுவதற்காக எப்போதோ பிரித்து வைத்தது, அப்படியே நின்றுபோனது, அதனால் விலை குறைவு என்றான். அதையும் அளந்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளை ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்தேன். பையன் பட்டனைத் தட்டினான்.

டக்டக்டக்டக்.

பழையதைவிட வேகம்தான். ஆனால் அதே மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. வெகுநாள் இழுத்துப் பிடித்தபடியே நின்ற பெல்ட், சக்கரத்தின் வளைவுக்கே வளைந்து இறுகியிருந்தது. அதனால்தான் தட்டியது. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சாரி சார். பெல்ட் செட் ஆயிடுச்சு. புதுசு போட்டுத் தந்துடறேன், ஃப்ரீ."

"கை வெக்காத" என்றேன்.

அவள் தலை பக்கத்துப் பெட்டியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, வளையல் கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. எத்தனை நாளாக நான் பார்க்காத முகம் அது. பின்ஜன்னல் வெயிலில் தூசி மெதுவாகச் சுழன்றது. நான் எந்த ஊரில், எந்த வருஷத்தில் நிற்கிறேன் என்று ஒரு கணம் எனக்குச் சரியாக விளங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெல்ட் சூடேறி இளகியது. தட்டல் குறைந்து, குறைந்து, ஃபேன் சத்தமானது. இதோ விழித்துவிடுவாள் என்று குனிந்து பார்த்தேன். அவள் எழவில்லை. தூக்கத்துக்குள் நுழைந்துவிட்டாள், இனி கதவு தட்ட வேண்டியதில்லை.

"ஆஃப் பண்ணட்டா சார்?"

"ஓடட்டும்."

"எவ்ளோ நேரம் சார்? காலியா ஓடுதே."

"அவங்க எழுந்திரிக்கிற வரைக்கும். பில்லு போடு. இதேதான், இதே பெல்ட்டோட."

"இது தெனம் சத்தம் போடும் சார். நின்னு ஆறிப்போச்சுன்னா மறுபடியும் தட்டும்."

"தெனமுமா?" என்றேன். என் காதையே நம்ப முடியவில்லை. "அப்ப சரி."

அதற்குப் பிறகு கடைக்குள் வந்தவர்களெல்லாம், ரம்பம் ஓடிக்கொண்டிருக்கிற கடையில், அவளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார்கள்.

மிஷின் இப்போது என் வீட்டில் நிற்கிறது, படுக்கையறைச் சுவரை ஒட்டி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவள் உள்ளே போய்ப் படுக்கிறாள். நான் பிளேடை மேசைக்குக் கீழே இறக்கிவிட்டு பட்டனைத் தட்டுகிறேன். தட்டல் அடங்குவதற்குள் அவள் தூங்கியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் அதுதான் எனக்குப் பரீட்சை, ஒவ்வொரு நாளும் நான் பாஸ். நெற்றிக் காயம் ஆறிவிட்டது. பால் ஒழுங்காகப் பொங்குகிறது.

தொடக்கத்தில் ஒருநாள் எழுந்து வந்து மேசையைத் தடவிப் பார்த்தாள். "தூளே காணோமே. இன்னாத்த அறுத்தீங்க இவ்ளோ நேரம்? சும்மா ஓட்டிக்கினா கரண்ட்டு பில்லு யாரு கட்றது?"

மறுநாள், பக்கத்து மனைக்காரர் வெட்டிப் போட்ட வேப்பமரத்தில் அறுத்து, காயப் போட்டிருந்த துண்டு ஒன்றை எடுத்தேன். தட்டல் அடங்கியதும் பிளேடை உயர்த்தி, மெதுவாகத் தள்ளினேன். கசப்பு வாசனை எழுந்து ஜன்னல் வழியே உள்ளே போனது. எட்டிப் பார்த்தேன். அவள் கண் மூடியபடியே மூக்கை லேசாகச் சுருக்கினாள்.

"இன்னிக்குத் தேக்கா" என்றாள், தூக்கத்துக்குள்ளிருந்து.

மரத்தின் பேரை என் முன்னால் தப்பாகச் சொன்ன யாரையும் நான் விட்டதில்லை, என்ஜினீயரையும் விட்டதில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் நின்றேன்.