நான் பூட்டிய எஞ்சின்

கல்யாணமாகி மாத்தளைக்கு வந்த முதல் வருடத்தில் எங்கள் முன்னறையில் உட்கார ஒரு நாற்காலிக்குக்கூட இடம் இல்லை. அங்கே ஒரு கார் எஞ்சின் கிடந்தது, அதுவும் துண்டு துண்டாக.

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போய், பல கை மாறி எங்களிடம் வந்த பழைய கார் அது. உக்குவளை ஏற்றத்தில் நீலப் புகை கக்கத் தொடங்கியதும் எஞ்சினைக் கழற்றி, கண்டிக்குக் கொண்டுபோய் சிலிண்டர்களைக் கடைந்து வந்தார். எழுபதுகளின் தொடக்கம். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து, வெளிநாட்டுச் சாமான் கடைகளில் அருகிப்போயிருந்தது. கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கிப் புது பிஸ்டனும் ரிங்குகளும் தேடிப் பிடித்தார். பூட்ட உட்கார வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, பாசி பிடித்த கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

அந்த மாதக் கடைசியில் உக்குவளையிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணை நாவுலைக்கு அழைத்துப் போவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். டவுனில் இருந்த கராஜில் கேட்டால், “வேலை குவிஞ்சு கெடக்கு, கல்யாணம் முடிஞ்ச பிறகு கொண்டாங்க, பாப்பம்” என்றார்கள்.

மனுஷன் கட்டுப்போட்ட கையோடு அந்த இரும்புக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பிறந்த வீட்டில் தையல் மெஷினைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டுவது என் வேலையாகத்தான் இருந்தது.

“நீங்க சொல்லுங்க. நான் பூட்டுறேன்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கைகளைப் பார்த்தார். “வளையலக் கழட்டி வச்சிட்டு வா” என்றார்.

அதுவரை எங்களுக்குள் பெரிய பேச்சு இல்லை. சோறு போடவா, தண்ணி காஞ்சிருச்சு, இவ்வளவுதான். எஞ்சின் முன்னால் உட்கார்ந்த பிறகு பேசாமல் முடியவில்லை. நான் ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் கழுவுவேன். அவர் எதிரே பலகையில் உட்கார்ந்து அது என்ன, எதற்கு என்று சொல்வார். பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போகும். தம்புள்ளைப் பக்கம் யானை வழிமறித்த கதை, காரில் ஏறிய பிறகு ஆட்டுக்குட்டியை மடியிலிருந்து எடுத்த கிழவியின் கதை. இந்த ஆள் இவ்வளவு பேசுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

ரிங்குகளைப் பிஸ்டனில் ஏற்றும்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கொஞ்சம் அதிகமாக விரித்தால் முறிந்துவிடும். முறிந்தால் வேறு கிடைக்காது. “வளையல் போடுறவர் சின்னப் புள்ளைக்கு வளையல் ஏத்துற மாதிரி” என்றார். அது எனக்குப் புரிந்தது. ஒன்றும் முறியவில்லை. ரிங்குகளை இறுக்கிப் பிடிக்கப் பால்மா டின்னை வெட்டி ஒரு பட்டை செய்தோம். அதற்குள் பிஸ்டனை வைத்து, சுத்தியலின் மரக் காம்பால் மெல்லத் தட்ட, அது வழுக்கிக்கொண்டு சிலிண்டருக்குள் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மாமியார் முன்னறைப் பக்கமே வரவில்லை. அடுப்படியிலிருந்து, “மருமக மேல சாம்பிராணி மணக்கும்னு பாத்தேன், மண்ணெண்ணெயில்ல மணக்குது” என்பார். ஆனால் அந்த நாட்களில் சமையலை அவரே பார்த்துக்கொண்டார். தேத்தண்ணியும் நேரத்துக்கு வந்துவிடும்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன், நாங்கள் கூப்பிடுவது நானா என்று, நாவுலையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறிக்காரர். எஞ்சின் பூட்டி முடிந்ததும் அவர் தன் ஆட்களோடு வந்தார். பலா மரக் கிளையில் சங்கிலி போட்டு அதைத் தூக்கிக் காருக்குள் இறக்கினார்கள். நான் குனிந்து கடைசி போல்ட்டுகளை இறுக்குவதை அவர் தாடியைத் தடவியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சிதான் பூட்டினதா?”

“நான் சொன்னேன், அவ பூட்டினா” என்றார் என் வீட்டுக்காரர்.

“அப்ப இன்ஷா அல்லாஹ், ஓடும்” என்று சொல்லி, நானா காரின் முன்பக்கம் கைப்பிடியைப் போட்டுச் சுழற்றினார்.

எஞ்சின் இருமியது. பிறகு கார்பரேட்டர் வழியாக ‘டப்’பென்று நெருப்பைத் துப்பியது. முற்றத்துக் கோழிகள் வேலி தாண்டி ஓடின. திரும்பச் சுழற்றினாலும் அதே சத்தம். உள்ளே எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் எஞ்சின் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு, பிளக்குகளுக்கு முறைவைத்துத் தீப்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டிக் கேட்டார்.

“இதுக்குள்ள இருக்கிற முள்ள எந்தப் பக்கம் பாத்து வச்ச?”

“நீங்க சொன்ன மாதிரி வலது பக்கம்.”

“எந்த வலது பக்கம்?”

“என் வலது பக்கம்.”

அவர் தன் மாவுக்கட்டுக் கையைப் பார்த்தார். “நா உனக்கு எதிர்லல்ல உக்காந்திருந்தேன். நா சொன்னது என் வலது பக்கம்.”

நானா பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுப்படி வாசலில் மாமியாரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, அதன் தண்டை அரைச்சுற்றுத் திருப்பி இறக்கினேன். இந்த முறை நானா பாதி சுழற்றும்போதே எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலில் தடதடத்தது, பிறகு சீராகி, தையல் மெஷின் ஓடுவது போல ஓடியது. என் வீட்டுக்காரர் இடது கையை பொனட்டின் மேல் வைத்தபடி நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

கல்யாணத்தன்று நானா காரை ஓட்டினார். முன்னால் என் வீட்டுக்காரர். பின்னால் பெண், பெண்ணின் தாய், நான். புதிதாகப் பூட்டிய எஞ்சினை விரட்டக் கூடாது என்பதால் மாட்டுவண்டி மட்டும்தான் எங்களை முந்தவில்லை. நாலந்தா தாண்டி ஒரு மர நிழலில் நிறுத்தச் சொல்லி, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பொனட்டைத் திறந்தேன். எங்கும் எண்ணெய்க் கசிவு இல்லை. தண்ணீரும் சரியாக இருந்தது.

“அக்கா, போய்ச் சேந்துருவமா?” என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள் கல்யாணப் பெண்.

“பொட்ட அழிச்சிக்காம உக்காரு. நேரத்துக்குப் போயிருவம்.”

நேரத்துக்குப் போனோம். கல்யாண வீட்டில் சந்தனம் எடுத்துக் கொடுத்தபோது எண்ணெய்க் கறுப்பேறிய என் நகங்களைப் பார்த்து மாப்பிள்ளையின் அக்கா, “மருதாணி கறுத்துப் போச்சா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமிருந்து சத்தமாகச் சொன்னார்:

“மருதாணி இல்லீங்க. நீங்க பொண்ண இறக்கிக்கிட்ட கார் எஞ்சின பூட்டின கை அது.”

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை முந்தானைக்குள் ஒளிக்கவில்லை.