கட்டாருக்குப் போய்த் திரும்பிய ஸலாம்

இன்டர்நெட் என்பது கொம்பியூட்டருக்குள் பூட்டி வைத்திருக்கிற சாமான் இல்லை, உலகத்துக் கொம்பியூட்டர்கள் ஒன்றோடொன்று கதைக்கச் செய்துகொண்ட ஏற்பாடு என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் மூத்த மகளின் கணவர் றிஸ்வான். தொண்ணூற்றெட்டாம் வருஷம், நோன்புப் பெருநாள் கழிந்த மறு கிழமை. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ரோட்டுப் பக்கம் கதவு வைத்து, டெலிபோனும் பெக்ஸும் வைத்து அவர் கொமினிகேஷன் கடை திறந்த நாள் அது. அந்தக் கடையில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது பொறுமை, லைன் கிடைப்பது அதற்குப் பிறகுதான் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அதை நானாகப் படித்தேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. மூன்று பிள்ளைகளும் வளர்ந்து அவரவர் குடும்பம் என்று ஆகிவிட்டார்கள். வெளிநாட்டுக் கணவனுக்குச் செய்தி அனுப்ப வந்த பெண்கள் மருமகனுக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டார்கள். “மாமி, நீங்க ஒருக்கா இதுல இரிங்களன்” என்றார் றிஸ்வான். இருந்துவிட்டேன். தமிழ்ப் பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பதுதான் அப்போது வழக்கம். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துவேன். முழுக்க அடித்து முடிக்கிற நேரம் லைன் அறுந்து, எல்லாம் போய், பிஸ்மி சொல்லி மறுபடி தொடங்கிய அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மொடம் கத்திய கத்து

எங்கள் வீட்டில் இருந்து நாலு வீடு தள்ளி றாபியா. அவள் கணவர் மீராலெவ்வை கட்டாரில் ரோட்டு வேலைக் கம்பனி ஒன்றில் குசினிக்காரர், ஆட்களுக்குச் சமைப்பவர். பாலைவனத்துக்குள் கூடாரம் அடித்து வேலை, அங்கே டெலிபோன் இல்லை. மகள் பர்ஸானாவின் நிக்காஹ் அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை அதற்கு அடுத்த ஞாயிறு சவூதிக்கு ஏறுகிறார், தள்ளி வைக்க வழி இல்லை. வாப்பா உயிரோடு இருக்கும்போது அவருடைய அனுமதி இல்லாமல் வேறு யாரும் பெண்ணைக் கொடுக்க முடியாது. தனக்குப் பதிலாகத் தன் தம்பியை நியமிக்கிறேன் என்று மீராலெவ்வை கையெழுத்து வைத்த தாள் வேண்டும் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். தபால் போய் வர மூன்று கிழமை, இருபத்தொரு நாளுக்கு மேல் எடுக்கும். றாபியா கையில் இருந்தது கம்பனிக் காரியாலயத்தில் மீராலெவ்வை பெயருக்கு எடுத்த ஈமெயில் விலாசம் மட்டும். ஒரு போட்டோவின் பின்பக்கத்தில் அவர் எழுதி அனுப்பியிருந்தார். புதன்கிழமை பகல் லுஹர் தொழுத கையோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நான் கொழும்பு நம்பருக்கு மொடத்தைப் போட்டேன். கீச்சென்று ஆரம்பித்து, கரகரத்து, ஊளையிட்டு அது தன் வேலையைத் தொடங்கியது. றாபியா கதிரையோடு பின்னால் நகர்ந்தாள். மருமகன் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன்: “பயப்படாதகா. நாம ஆரைக் கண்டாலும் முதல்ல ஸலாம் சொல்றம். அவங்க பதில் ஸலாம் சொன்ன பொறகுதானே கதைக்கிற. இதும் அப்படித்தான். இங்கத்த பெட்டி கொழும்புப் பெட்டிக்கு ஸலாம் சொல்லுது. அது பதில் சொல்லும். எவ்வளவு வேகமாக் கதைக்கிற எண்டு ரெண்டும் பேசி முடிக்கும். அந்த ஒழுங்குக்குத்தான் புரொட்டொகோல் எண்டு பேர்.” என்னை அக்கா முறையில் ராத்தா என்கிற றாபியா காதைப் பொத்திக்கொண்டே கேட்டாள்: “ஸலாம் சொல்றதுக்கா ராத்தா இந்தக் கத்துக் கத்துது? ரெண்டுக்கும் காது கேக்காதா?”

பெயருக்குப் பின்னால் குடி

ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் ஓர் எண் உண்டு. நாலு துண்டு எண், இடையில் புள்ளி. அவைகளுக்கு எண்தான் விளங்கும். நமக்கு எண் மனதில் நிற்காது, பெயர்தான் நிற்கும். ஆகவே நாம் பெயரை எழுதுகிறோம். இந்தப் பெயருக்கு எந்த எண் என்று பார்த்துச் சொல்வதற்கென்றே வழியில் சில கொம்பியூட்டர்கள் இருக்கின்றன. நம் தபால்காரரிடம் “பெரிய கிணத்தடி ஆதம்பாவா” என்றால் வீட்டு நம்பர் கேளாமலே போவார் அல்லவா, அப்படி.

பெயரின் கடைசியில் வரும் இரண்டெழுத்தை றாபியா விரலால் தொட்டு, இது என்னத்துக்கு என்று கேட்டாள். அது கட்டாரைக் காட்டுகிற எழுத்து, நம் நாட்டுக்கு எல்.கே. என்று சொன்னேன். அவள் முகத்தில் விளங்காத பார்வை. “நம்மட ஊரில ஆதம்பாவா எத்தின பேர்? எந்தக் குடி எண்டு கேட்டுத்தானே ஆளைப் புடிக்கிற. அது மாதிரி, முன்னால ஆள்ட பேர், நடுவுல கம்பனி, கடைசியில குடி” என்றேன். தாய் வழியாக வருகிற எங்கள் குடிகளைத்தான் சொன்னேன். ஒரே குடிக்குள் பெண் எடுக்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம். றாபியா உடனே பிடித்துக்கொண்டாள்: “அப்ப எல்.கே. குடியும் எல்.கே. குடியும் சம்பந்தம் செய்யேலாது, வெளியிலதான் பாக்கோணும், என்னகா?”

துண்டு துண்டாகப் போகிற கடிதம்

கடிதத்தை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். நிக்காஹ் நாள், தம்பியின் பெயர், எங்கள் கடையின் பெக்ஸ் நம்பர். அனுப்புகிற பட்டனை அழுத்தி, மருமகன் சொன்ன இன்னொரு விஷயத்தையும் வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டேன். இன்டர்நெட்டில் கடிதம் முழுசாகப் போகாது. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நம்பரும் விலாசமும் போட்டு விடுவார்கள். ஒரு துண்டு ஒரு பாதையால் போகும், மற்றது வேறு பாதையால். அம்பாறைக்குப் போக காரைதீவுச் சந்தியில் ஆமிக்காரர் சோதனை என்றால் கிட்டங்கியால் சுற்றிப் போகிறோமே, அது போல. போய்ச் சேர்ந்த இடத்தில் நம்பரைப் பார்த்து அடுக்கிக்கொள்வார்கள். வழியில் ஒரு துண்டு தவறினால், அதை மட்டும் திரும்ப அனுப்பு என்று கேட்பார்கள்.

எனக்கு இது அல்லாஹ்வின் கருணையாகத்தான் பட்டது. தவறியதைக் கேட்டு வாங்குகிற ஏற்பாடு மனிசருக்குள்ளேயே குறைவு. றாபியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கிழிச்சா ராத்தா அனுப்பின? கிழிஞ்ச கடிதத்தைக் கண்டா, நான் கோவத்தில அனுப்பினன் எண்டெல்லோ அவர் நினைப்பாரு!”

ஷைத்தான் கொண்டுவந்த பதில்

மறுநாள் மருமகன் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போய்விட்டார். வியாழன் போனது, வெள்ளி, சனி, ஞாயிறும் போனது. றாபியா ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும் வந்து கதவில் நிற்பாள். நான் கொம்பியூட்டரைப் பார்ப்பேன், அது என்னைப் பார்க்கும். பதில் வந்தால் டெலிபோன் போல மணி அடிக்கும் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

திங்கட்கிழமை காலை மருமகன் வந்தார். “மாமி, எடுத்துப் பாத்தீங்களா?” என்றார். அப்போதுதான் விளங்கியது: அனுப்புவதற்கு ஒரு புரொட்டொகோல், வந்ததை எடுப்பதற்கு வேறொன்று. நமக்கு வருகிற கடிதம் கொழும்பில் ஒரு பெட்டியில் கிடக்கும், நாம்தான் போய் எடுக்க வேண்டும். எடுத்தோம். ஒரே ஒரு கடிதம். அனுப்பியவர் பெயரை மருமகன் வாசித்தார்: “மெயிலர் டீமன்.” டீமன் என்றால் என்ன என்று கேட்டேன். யோசிக்காமல், “ஷைத்தான் மாதிரி” என்று சொல்லிவிட்டார். றாபியா, ஷைத்தானை விரட்ட அஊது பில்லாஹ் சொல்லிக்கொண்டு முந்தானையை இழுத்து மூடினாள். நானும் சொன்னேன். பிறகுதான், கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்று வேலை செய்கிற தபால்காரனுக்கு அவர்கள் விளையாட்டாக வைத்த பெயர் அது, விலாசம் பிழை என்றால் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தருவான் என்றார்.

பிழை என்னுடையது. போன வருஷம் ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனிசனை வெறும் பெயரால் எழுதுவது மரியாதை இல்லை என்று, விலாசத்தில் மீராலெவ்வைக்கு முன்னால் நான் ‘அல்ஹாஜ்’ என்று சேர்த்து அடித்திருந்தேன். ஓர் எழுத்துக் கூடினாலும் அது வேறு ஆளாம். என் மரியாதையால் ஒரு பிள்ளையின் ஐந்து நாள் போய்விட்டது. உள்ளே போய் இரண்டு ரக்அத் தொழுது அழுதேன். திரும்பி வந்து, அல்ஹாஜை எடுத்துவிட்டு, மறுபடி அனுப்பினேன். றாபியா என்னில் கோபிக்கவே இல்லை. அவளுக்குக் கோபமெல்லாம் இன்டர்நெட்டில்தான். “ஹஜ் செஞ்ச மனிசனைத் தெரியாதாமா? கட்டார்ல இருந்து மக்கா என்ன தூரமாகா!”

இதற்கு யார் தலைவர்?

செவ்வாய்க்கிழமை அசனார் மரைக்கார் வந்தார். எங்கள் பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் உண்டு. றாபியாவின் குடிக்கு இவர். வெள்ளிக்கிழமை அந்தத் தாளைப் பார்த்து, சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டியவரும் இவர்தான். குடையை மடித்துக் கதிரையில் சாத்திவிட்டுக் கேட்டார்: “தாள் வந்தா வாங்குவன் ராத்தா. ஆனா இந்த இன்டர்நெட்டுக்கு ஆர் பொறுப்பு? நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டா ஆரைக் கேக்கிற?”

மருமகன்தான் பதில் சொன்னார். ராசாவும் இல்லை, அரசாங்கமும் இல்லையாம். எண்களைப் பிரித்துக் கொடுக்க ஒரு கூட்டம், பெயர்களைப் பதிய ஒரு கூட்டம். இரண்டையும் ஒரே சபையின் கீழ் கொண்டுவர அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தார்களாம். ஸலாம் எப்படிச் சொல்வது, துண்டை எப்படி அடுக்குவது என்ற ஒழுங்குகளை எழுதுகிறவர்கள் எஞ்சினியர்மார். அவர்கள் எழுதுகிற தாளின் தலைப்பே ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்பதுதானாம். யாரும் வாசிக்கலாம், பிழை சொல்லலாம். முடிவெடுக்கும்போது கை தூக்கி எண்ணுவதில்லை. ‘ம்ம்’ என்று எல்லோரும் முனகுவார்களாம், எந்தப் பக்கம் சத்தம் கூட என்று பார்ப்பார்களாம். மரைக்கார் தாடியைத் தடவினார். “சண்டை இல்லாம, கதிரை தூக்காம, முனகி முடிக்கிறாங்களா? அப்ப நம்மட நிருவாகத்த ஒரு கிழமைக்கு அங்க அனுப்பிப் பழக்கி எடுக்கோணும்.”

பெக்ஸ் தாளில் இரண்டு உத்தரவு

புதன்கிழமை பெட்டியை எடுத்துப் பார்த்தோம். ஒரு கடிதம் இருந்தது, இந்த முறை மனிசரிடம் இருந்து. மீராலெவ்வையின் கம்பனிக் காரியாலயத்தில் வேலை செய்கிற ஒருவர், கேரளத்துக்காரர். இங்கிலீஷ் எழுத்தில் நான் அடித்த தமிழ் அவருக்குப் பாதி விளங்கியிருக்கிறது. ‘நாளை கூடாரத்துக்குப் போவேன். கையெழுத்து வாங்கி பெக்ஸ் அனுப்புவேன்’ என்று இரண்டே வரி. நான் உடனே சுஜூதில் விழுந்தேன்.

வியாழக்கிழமை பகல் முழுக்க பெக்ஸ் மெஷினை விட்டு நாங்கள் நகரவில்லை. லைனில் வேறு கோல் வரக் கூடாது என்று கடைக் கதவைப் பாதி சாத்தி வைத்தோம். மின்சாரம் இரண்டு தரம் போய் வந்தது. பர்ஸானாவின் கையில் மருதாணி போடலாமா வேண்டாமா என்று வீட்டில் இருந்து ஆள் வந்து வந்து கேட்டார்கள். றாபியா மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் மணி அடித்தது. தாள் அங்குலம் அங்குலமாக வந்தது. முதலில் பிஸ்மில்லாஹ், பிறகு மீராலெவ்வையின் கோணல் எழுத்து. றாபியா தாளைத் தொடவில்லை. சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது போல உள்ளங்கையை மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். “மருதாணியப் போடச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னாள்.

மரைக்காருக்கு ஆள் அனுப்பினோம். அவர் கண்ணாடியைப் போட்டு, எல்லோருக்கும் கேட்க வாசித்தார்: “என் மகள் பர்ஸானாவை நிக்காஹ் செய்து கொடுக்க என் தம்பியை எனக்குப் பதிலாக நியமிக்கிறேன். மகளுக்கு என் ஸலாம். வாப்பா பக்கத்தில் இல்லை என்று அழ வேண்டாம். கல்யாணச் சோத்துக்கு அரிசியை அரை மணித்தியாலத்துக்கு மேல் ஊற விட வேண்டாம்.” கீழே கையெழுத்து. அழுதுகொண்டிருந்த றாபியா சிரித்துவிட்டாள். மரைக்கார் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “கையெழுத்து ரெண்டு உத்தரவுக்கும் சேத்துத்தான் இரிக்கி ராத்தா, ஒண்டை நான் பாத்துக்கிறன், மத்தத நீங்க பாருங்க.”

மீராலெவ்வை லீவில் வந்தபோதுதான் மிச்சம் தெரிந்தது: அந்தக் கேரளத்துப் பிள்ளை தண்ணீர் கொண்டுபோகிற பவுசர் லொறியில் ஏறி, மணலுக்குள் பத்துக் கட்டை, பத்து மைல் போய், அடுப்படியில் நின்றவரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மொடமும், எண்ணும், பெயரும், உலகத்துச் சபைகளும் எல்லாம் சேர்ந்து கடிதத்தைக் கொண்டுபோய் விட்டது ஒரு மேசை வரைக்கும்தான், அதற்குப் பிறகு உள்ள பத்துக் கட்டைக்கு எந்தப் புரொட்டொகோலும் இருக்கவில்லை. இத்தனை பெயரைப் பாடமாக்கிய நான், அவருடைய பெயரை மட்டும் கேட்டு வைக்க மறந்துவிட்டேன். உங்கள் அடுத்த தொழுகையில், பெயர் சொல்லாமலே, அந்தப் பிள்ளைக்காக ஒரு துஆ கேளுங்கள்.