த்ரீ எக்ஸெல் கோட்டை

ஒன்பது வருஷம், தைத்து வருகிற பனியனில் குறை பார்க்கிற செக்கிங் டேபிள் முன்னால் நின்றுகொண்டே வேலை பார்த்த என்னை ஒரு திங்கட்கிழமை மெர்ச்சண்டைசர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்து வேலை பார்க்கிற சுகத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் என்றால், ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கும் இங்கே இருக்கிற தையல் மிஷினுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஆள். முதல் நாளே முதலாளி கூப்பிட்டு மரியாதையாகச் சொன்னார்.

"இந்த மொத ஆர்டர நல்லாப் பண்ணுங்க கண்ணு. பண்ண முடியலீன்னா செக்கிங் டேபிள் அங்கயேதானுங்க இருக்குது."

அவர் சொன்னதைவிட, அந்த டேபிளில் இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்ற அக்கா, நான் உட்கார்ந்த மறுநிமிஷமே 'கண்ணு' என்பதை விட்டு 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்ததுதான் எனக்கு வலித்தது. வலித்தாலும் திரும்பிப் போய் நிற்க மனசில்லை.

அந்த முதல் ஆர்டர் ஒரு பீரங்கி. எங்கோ வெளிநாட்டில் ஒரு பழைய கோட்டை, அதைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விற்கிற டீ-சர்ட். முன்பக்கம் வயிற்றின் மேல் பீரங்கி. அதன் வாயிலிருந்து குண்டு கறுப்புப் புள்ளி புள்ளியாகக் கிளம்பி, இடுப்போரத் தையலைத் தாண்டி, முதுகில் இருக்கிற கோட்டையில் போய் இடிக்கும். கோட்டை உச்சியில் நகத்தளவு ஒரு ஆள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான். புள்ளிவரிசை எந்த இடத்திலும் அறுபடக் கூடாது என்பது பையரின் கண்டிப்பு.

டீ-சர்ட்டில் தொங்கவிட ஓர் அட்டை டேக்கும் உண்டு. அதில் பொடி எழுத்தில் பீரங்கியின் சரித்திரமே இருந்தது. எழுத்துப்பிழை பார்க்கிற சாக்கில் அதை இருபது தடவை படித்திருப்பேன். முதலில் மனுஷன் கவணில் கல் வைத்து எறிந்தான். அப்புறம் பெரிய மரக்கை வைத்த எந்திரம் செய்து பாறாங்கல்லை எறிந்தான். வெடிமருந்து வந்ததும் பீரங்கி வந்தது. நெடுநெடுவென்று நின்ற கோட்டைச் சுவரெல்லாம் பொலபொலவென்று விழுந்தது. உடனே சுவரைக் குட்டையாக, பருமனாகக் கட்டினார்கள். அதை உடைக்க இன்னும் பெரிய பீரங்கி, அதைத் தடுக்க இன்னும் பருமனான சுவர். எங்கள் தெருவில் இரண்டு பங்காளிகள் போட்டி போட்டுக்கொண்டு காம்பவுண்டு உயர்த்திய மாதிரிதான். பழைய பீரங்கிக் குழாய் உள்ளே வழவழவென்று இருக்குமாம். கிட்டத்தில் குண்டு ஒழுங்காகப் போகும், தூரம் கூடக் கூட இஷ்டத்துக்குத் திரியும். குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரி வெட்டிய பிறகுதான் குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போய்க் குறியில் விழுந்தது. இந்த வரி வெட்டுகிற சமாசாரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அறுத்தேன்.

சரித்திரம் தெரிந்த நான் டெய்லரிங் தெரிந்த புத்தியைக் கோட்டை விட்டேன். இது சைஸுக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது அச்சுச் சட்டம், போட்டு அடிக்க வேண்டிய டிசைன். எங்கள் ஊரில் சின்னப் படம் என்றால் எல்லா சைஸுக்கும் ஒரே ஸ்கிரீன்தான். அந்தப் பழக்கத்தில், மீடியத்துக்குப் போட்டதையே எல்லாவற்றுக்கும் அடிக்கச் சொல்லிவிட்டேன். பிரிண்டிங் மாஸ்டர் தென்காசிப் பக்கத்துக்காரர், முதலிலேயே கேட்டார்.

"ஏம்மா, ஆளு பெருத்தா கோட்டை தூரமாப் போயிருமே, யோசிச்சியளா?"

"சொன்னதச் செய்யுங்கண்ணா," என்றேன், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

"எனக்கென்ன, அடிச்சுத் தாரேன்."

டபுள் எக்ஸெல் வரைக்கும் எப்படியோ ஒப்பேறியது. த்ரீ எக்ஸெல் தைத்து வந்தபோதுதான் பல்லை இளித்தது. வயிற்றில் கிளம்பிய குண்டு தையலுக்கு முன்னாலேயே காணாமல் போயிருந்தது. கோட்டை முதுகின் நடுவில் தன் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தது. இடையில் ஒரு சாண் வெறும் வெள்ளை. எங்கள் முதலாளி அசல் த்ரீ எக்ஸெல் உடம்பு. சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பீஸைப் போட்டுக்கொண்டு, கையைத் தூக்கி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சுற்றினார்.

"ஏனுங்க, குண்டு எங்கீங்க போச்சு?"

மறுநாள் மத்தியானம் பையர் அனுப்புகிற ஆள் வந்து பார்க்கிற இன்ஸ்பெக்ஷன். நானூறு சொச்சம் பீஸ். தைத்து முடித்த துணியில், தையல் மேட்டின் மேல் ஸ்கிரீன் உட்காராது என்று மாஸ்டர் கையை விரித்துவிட்டார். அயர்னிங் பண்ணுகிறவர் வந்து, பீரங்கி எட்டலீன்னா பீரங்கியக் கிட்டக் கொண்டு போகோணுங்க, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தெச்சுடலாமுங்க என்றார். அப்படித் தைத்தால் முதலாளி அதற்குள் எப்படி நுழைவார் என்று கத்தினேன். முதலாளி அங்கேயே நின்றுகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

வழி சொன்னது அக்காதான். கேன்டீனில் சாம்பாருக்கு வைத்திருந்த கேரட்டில் ஒன்றை எடுத்துக் குறுக்கே நறுக்கி, பிரிண்டிங் இங்க்கில் தொட்டு, தாளில் ஒரு குத்துக் குத்தினார். அச்சு அசல் பீரங்கிக் குண்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. செக்கிங் டேபிள் பெண்கள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு கேரட் கொடுத்து, பீஸுக்கு எட்டுப் புள்ளி, அறுபடாமல் கோட்டை வரைக்கும் என்று சொல்லிவிட்டு, மிச்ச வேலைக்கு ஓடினேன். அன்றைக்குச் சாம்பாரில் முருங்கைக்காய் மட்டும்தான்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். புள்ளிகள் முத்து முத்தாக இருந்தன, ஓர் இடத்திலும் அறுபடவில்லை. ஆனால் ஒரு குண்டாவது கோட்டையில் படவில்லை. தையலைத் தாண்டியதும் மெதுவாக மேலே ஏறி, அந்த ஆளின் தலைக்கு மேலே ஒரு விரற்கடை விட்டுப் போய்விட்டது. ஒரு பீஸ் இல்லை, அத்தனை பீஸும்.

"என்னங்கக்கா பண்ணி வெச்சிருக்கறீங்க!"

"கையத் தூக்கிட்டு நிக்கறானுங்க மேடம். அவன் மேல எப்படிங்க குண்டு வெக்கறது?"

"அவன் கொடி ஆட்டறானுங்கக்கா!"

"கொடி எங்கீங்க?"

குனிந்து பார்த்தேன். கொடி இல்லை. இருபது தடவை டேக்கைப் படித்த நான் அவனை ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. பேசிவைத்துக்கொண்டு செய்தீர்களா என்று மற்றவர்களைக் கேட்டேன். யாரும் யாரிடமும் பேசவில்லை, பாவமாக இருந்தது, அவ்வளவுதான் என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் நாற்காலி போகப்போகிறது, இவர்களுக்கு நகத்தளவு ஆள் மேல் பாவம்!

மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனுஷன், சிரிக்கிற பழக்கம் இல்லாதவர். விரலைப் பீரங்கி வாயில் வைத்துப் புள்ளி புள்ளியாக நகர்த்தினார். தையலைத் தாண்டினார். விரல் கோட்டையையும் தாண்டிப் போனது.

"மீடியத்துல கரெக்டா படுது. த்ரீ எக்ஸெல்ல மட்டும் ஏங்க தப்பிப் போகுது?"

அவருக்குப் பின்னால் டேபிளில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் பழியைப் போட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அக்காவின் விரல் நுனியில் கறுப்பு இங்க் இன்னும் போகாமல் இருந்ததைப் பார்த்தேன். டேக்கை எடுத்து நீட்டினேன்.

"மீடியத்துல கோட்டை கிட்டத்துல இருக்குதுங்க சார், படும். இதுல தூரம் அதிகமுங்க. பழைய பீரங்கி, உள்ள வரி வெட்டலீங்க. தூரம் போனா குறி தப்புமுங்க. டேக்குலயே போட்டிருக்குதுங்க."

அவர் டேக்கை நின்று நிதானமாகப் படித்தார். பிறகு இன்ச் டேப்பை எடுத்து மீடியத்தில் ஒரு தடவை, த்ரீ எக்ஸெல்லில் ஒரு தடவை பீரங்கிக்கும் கோட்டைக்கும் நடுவில் அளந்தார்.

"ஆமா, தூரம் ஜாஸ்திதான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நாற்காலி தப்பியது. நான்கு மாதம் கழித்து அதே ஆர்டர் மறுபடியும் வந்தது. பட்ட புத்தியில், இந்தத் தடவை சைஸுக்கு ஒரு ஸ்கிரீன் போட்டேன். எல்லா சைஸிலும் குண்டு நேராகப் போய் அவன் காலடியில் விழுந்தது. முதலாளி போட்டுப் பார்த்துவிட்டு, இப்பத்தானுங்க நீங்க மெர்ச்சண்டைசர் என்று பாராட்டினார். நான் பெருமையோடு செக்கிங் டேபிள் பக்கம் போனேன். அக்கா ஒரு த்ரீ எக்ஸெல்லை விரித்து வைத்து முதுகுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல பட்டுருச்சுங்களே."

"ஆமாங்கக்கா. இப்ப வரி வெட்டின பீரங்கியாயிப்போச்சுங்க. இனித் தப்பாதுங்க."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நாற்காலி வந்த நாளிலிருந்து கூப்பிடாத பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"கண்ணு, கேன்டீன்ல கேரட் இருக்குதுங்க."