மேட்டில் எரிந்த மூன்று பெல்ட்

பெற்றோலில் ஓடும் கோல்ஃப் வண்டிக்கு மெக்கானிக்காக இருப்பது, யாரும் ஆடாத ஆட்டத்துக்கு நடுவராக இருப்பது போல. எங்கள் தோட்டத்தில் கோல்ஃப் மைதானமே கிடையாது.

இந்த வேலைக்கு எப்படி வந்தேன் என்பதை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். முதலாவது அநீதி: ரப்பர் ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த என்னை, மழைநாள் வேலையைப் பற்றி நோட்டீஸ் ஒட்டியதற்காக ஆறு மாதம் வெளியே நிறுத்தினார்கள். இரண்டாவது: திரும்ப எடுத்தபோது ஃபிட்டராக எடுக்காமல் புல் வெட்ட அனுப்பினார்கள். மூன்றாவது: நான் தோட்டத் தலைவராக இருந்த சங்கம் எனக்காக ஒரு கடிதம் எழுதுவதாகச் சொல்லிவிட்டு எழுதவில்லை. நான்காவது: ஸ்டோரையே மூடினார்கள். ஐந்தாவது: துரை பங்களாவை ஹோட்டலாக்கி, ரம்புக்கனை ஸ்டேஷனில் இறங்கி வரும் விருந்தாளிகளைக் கேட்டிலிருந்து மேட்டுக்கு ஏற்ற இரண்டு பழைய கோல்ஃப் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். ஆறாவது: அதில் ஒன்று நின்றுபோனதும், புல் வெட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "தலைவரே, நீங்க முந்தி ஃபிட்டர்தானே?" என்று கேட்டார்கள்.

மேலே இருப்பவர்கள் கெடுத்ததைக் கீழே இருந்து சரிசெய்கிற நண்பர்களே, இனி வருவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

கூவிய வண்டி

பின் சீட்டைத் தூக்கினால் இரண்டு புல்லி, அவற்றைச் சுற்றி ஒரு பெல்ட். அவ்வளவுதான். கியர் கிடையாது. முன் புல்லி எஞ்சினோடு சேர்ந்தது, பின் புல்லி சக்கரத்தோடு. ஒவ்வொன்றும் இரண்டு தட்டு. இந்தத் தட்டுகள் நெருங்குவதும் விலகுவதும்தான் கிளச். வேகம் கூடினால் முன் தட்டுகள் நெருங்கி பெல்ட்டை விளிம்புக்குத் தள்ளும். பின் தட்டுகள் விலகி உள்ளே இறங்க விடும். மேடு வந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கவேண்டும். ஒருவன் கொடுத்தால் மற்றவன் எடுக்கிற இந்த ஏற்பாட்டை முதல் நாள் ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் படித்த துண்டுப்பிரசுரம் எதிலும் இவ்வளவு தெளிவான பங்கீடு இல்லை.

வண்டியை ஓட்டுவது புஷ்பம். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், லைசன்ஸ் எடுத்து ஓட்டுநரானாள். ஒருநாள் பாதி மேட்டில் எஞ்சின் மட்டும் இரைந்தது, வண்டி நகரவில்லை, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கூவல். கழற்றிப் பார்த்தால் பெல்ட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடிபோலப் பளபளத்தன. புல்லியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, புது பெல்ட் மாட்டினேன். "காலை மெதுவா வையி புள்ள," என்று புஷ்பத்துக்குப் புத்தியும் சொன்னேன். வண்டியில் இருந்த கொழும்பு அம்மா பொறுமையாக இறங்கி, சீட்டைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாவம், இதுக்கும் மூட்டு வலி போல."

பால் வைத்தியம்

இரண்டாவது பெல்ட்டும் ஐந்து வாரத்தில் வழுக்கத் தொடங்கியது. நான் கேகாலை டவுனுக்குப் போயிருந்த காலையில், தோட்டக்காரர் மாரிமுத்து சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். முப்பது வருஷம் ரப்பர் மரம் வெட்டியவர். வழுக்குகிற எதற்கும் அவரிடம் ஒரே மருந்துதான். ஒரு சிரட்டை ரப்பர் பாலை எடுத்து, பெல்ட்டின் இரண்டு பக்கமும் பூசி, வெயிலில் காயவைத்து, மாட்டிவிட்டார்.

வண்டி மேட்டில் பறந்ததாம். பங்களா வாசலில் புஷ்பம் காலை எடுத்தாள், வண்டி நிற்கவில்லை. எஞ்சின் அடங்கும்போது முன் தட்டுகள் விலகி பெல்ட்டைச் சும்மா விடவேண்டும். பால் பூசிய பெல்ட் தட்டை விடாமல் ஒட்டிப் பிடித்துக்கொண்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டே அந்தூரியம் பாத்திக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் வந்து, காய்ந்த பாலை நகத்தால் சுரண்டிக்கொண்டே, இது என்ன வேலை என்று கேட்டேன். மாரிமுத்து பூச்செடிகளை நிமிர்த்திக்கொண்டே பதில் சொன்னார்:

"மேல ஏறுச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க தலைவரே."

நானாவின் விரல்

மூன்றாவது பெல்ட்டும் எரிந்தபோது, மட்டமான பெல்ட்டை விற்றுவிட்டார் என்று கேகாலைக் கடைக்கார நானாவோடு சண்டை போடப் போனேன்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். பஸ்ஸில் போகும்போதே முதலாளித்துவக் கலப்படம் பற்றி நாலு வாக்கியம் தயார் செய்திருந்தேன். நானா என்னைப் பேச விட்டுவிட்டு, எரிந்த பெல்ட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். ஒரே இடத்தில் தேய்ந்திருந்தால், பிரேக்கையும் பெற்றோலையும் சேர்த்து மிதித்து வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். இது சுற்றிவர ஒரே மாதிரி எரிந்திருந்தது. அகலம் சரி, நீளம் சரி. வேறு சாமானுக்கு வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நானா பெல்ட்டைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்:

"பெல்ட்டிலயும் குத்தமில்ல, ஓட்டினவங்களிலயும் குத்தமில்ல. மாட்டினவர்ட்ட கேட்டுப் பாருங்கோ."

சீட்டுக்கு அடியில்

அதற்குள் புஷ்பத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. கவனயீனமாக ஓட்டி மூன்று பெல்ட்டைப் பாழாக்கியதாகக் குற்றச்சாட்டு, வியாழக்கிழமை விசாரணை. வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். ஹோட்டலில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் காம்பரா என்பது புதுச் சட்டம். அவளுக்குப் போக வேறு இடமில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு வழக்கு. நாலு பேர் ஏறவேண்டிய வண்டியில் ஆறு பேரையும் பெட்டிகளையும் ஏற்றுவது நிர்வாகம்தான் என்று நாலு பக்கம் எழுதினேன். அதை நிரூபிக்க, செவ்வாய்க்கிழமை பின் சீட்டைக் கழற்றிவிட்டு, அங்கே குந்திக்கொண்டு, புஷ்பத்தை ஓட்டச் சொன்னேன். நாங்கள் இரண்டு பேர்தான். ஆனாலும் மேடு ஏறும்போது விளிம்பில் நிற்கவேண்டிய பெல்ட், பின் புல்லிக்குள் ஆழமாக இறங்கி வழுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வண்டியை எடுத்து வரச் சொன்னேன். அதே மேடு, அதே புஷ்பம். அதில் பெல்ட் விளிம்பை விட்டு அசையவில்லை. அந்த வண்டியின் பின் கிளச்சை நான் ஒருநாளும் திறந்ததில்லை.

இந்த வண்டியினுடையதைத் திறந்திருக்கிறேன், முதல் பெல்ட் எரிவதற்கு முன். புறப்படும்போது குலுக்குகிறது என்று விருந்தாளிகள் சொன்னதும், கிளச்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை இறுக்கமான மூன்றாம் துளையிலிருந்து எடுத்துத் தளர்வான முதலாம் துளையில் மாட்டினேன். அழுத்தத்தைக் குறைத்தால் பெல்ட் சந்தோஷமாக உழைக்கும் என்பது என் கொள்கை. வண்டி பட்டுப்போலப் புறப்பட்டது. மெனேஜரே என் கையைக் குலுக்கினார். ஆனால் அந்த ஸ்பிரிங்கின் இறுக்கம்தான் மேட்டில் தட்டுகளை நெருக்கி பெல்ட்டைப் பிடிக்கிறது. கிளச்சைத் திறந்து பார்த்தேன். ஸ்பிரிங் நான் மாட்டிய துளையில் அப்படியே இருந்தது. மூன்றாவது துளைக்கு மாற்றியதும் வண்டி கூவாமல் ஏறியது.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். துளையை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நாலு பக்கமும் நன்றாகத்தான் வந்திருந்தது. எனக்கும் அதே வேலைதான், அதே காம்பராச் சட்டம்தான். ஆனால் அதிகச் சுமையென்று வாதாடினால், ஓட்டிய புஷ்பமும் பதில் சொல்லவேண்டி வரும். மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு துணியை உதறினாள்:

"அப்ப, காலை மெதுவா வையி, மெதுவா வையின்னு மூணு மாசமா என்னையப் போட்டு ஏசுனது யாரு தலைவரே?"

வாசிப்பு

வியாழக்கிழமை, பழைய ஆபீஸ். மேசைக்கு அந்தப் பக்கம் மெனேஜர்; சாட்சிகளாக மாரிமுத்துவும் சமையல்காரர் பியசேனவும். புஷ்பத்தை உட்காரச் சொன்னார்கள்; அவள் உட்காரவில்லை. நாலு பக்கத்தையும் வீட்டில் வைத்துவிட்டு ஒரே பக்கத்தோடு போயிருந்தேன்.

மெனேஜர் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைகுலுக்கியது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். தாளை என் பக்கமே தள்ளிவிட்டார். "சரி, தலைவர். சத்தமா வாசிங்க. சாட்சிக்காரங்க கேட்டுத்தான் கையெழுத்து வைக்கணும்."

ஆயிரம் பேர் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசிய என் தொண்டை, நாலு பேர் இருந்த அந்த அறையில் இரண்டு தடவை அவர்களைக் "கேக்கல" என்று சொல்ல வைத்துவிட்டு, மூன்றாம் தடவைதான் ஒழுங்காக வாசித்தது: "மேற்படி மூன்று பெல்ட்டும் எரியக் காரணமானவர், முனியாண்டி மகன் சிவலிங்கம், மெக்கானிக்."