சவுரியம்மாளைக் கீழே இறக்கிய சக்கரம்

சாலைகள் கூடும் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பக்கமாக ஒரு டயர் கடை இருக்கிறது. அங்கே இருபத்திரண்டு வருஷமாக வீல் பேலன்சிங் பார்ப்பவர் ராயப்பன். வேகமாகப் போனால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று வருகிற காரின் சக்கரத்தைக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுற்றவிடுவார். எந்த இடத்தில் எத்தனை கிராம் வேண்டும் என்று மெஷின் காட்டும். ரிம்மின் ஓரத்தில் அங்கே ஒரு சின்ன ஈயக்கட்டியை ஒட்டினால் நடுக்கம் நின்றுவிடும். இந்த ஒரு வேலையில் அவரைக் குறை சொல்லிவிட முடியாது. சொன்னால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

மற்றபடி மனுஷர் விளையாட்டுப் பைத்தியம். புதுச்சேரி ஹாஸ்டலில் படிக்கும் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில், வேலை விட்டு வந்ததும் ராக்கெட் கட்ட உட்கார்ந்துவிடுவார். பாகங்களைப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மேலே அனுப்புகிற விளையாட்டு அது. ஓட்டுபவருக்கு நாமே பெயர் வைக்கலாம். ராயப்பன் கொஞ்சமும் யோசிக்காமல் மனைவி பெயரை அடித்தார். அப்படித்தான் சவுரியம்மாள் நிலாவுக்குப் போனாள். திரும்பி வர எரிபொருள் மிச்சமில்லாமல் மூன்று வாரமாக அங்கேயே சுற்றிக்கொண்டும் இருந்தாள்.

வீட்டிலிருக்கும் சவுரியம்மாளுக்கு இந்த விஷயம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெரியவந்தது. பித்தப்பையில் கல். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்று அன்றுதான் தேதி கொடுத்திருந்தார்கள். வேகவைத்த வேர்க்கடலையை, அவர்கள் பேச்சில் மல்லாட்டையை, தட்டில் கொண்டுவந்து வைத்தவள் திரையைப் பார்த்துவிட்டாள்.

"இது இன்னாயா, எம் பேரு போட்டிருக்குது?"

"நீதான் ஓட்டற. நெலாவச் சுத்திக்கினு இருக்க."

"எப்ப எறங்குவேன்?"

ராயப்பனுக்கு மல்லாட்டை உரிப்பதில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. "டீசல் தீந்துபோச்சு" என்றார்.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"திங்கக்கெழம எனக்கு மயக்க ஊசி போடறாங்க. அதுக்குள்ள என்னக் கீழ எறக்கிடு. அங்க ஒருத்தி நாதியத்து சுத்திக்கினு இருக்கறப்ப, இங்க நான் கண்ண மூட மாட்டேன்."

விளையாட்டுக்கு இப்படியும் ஒரு பயமா என்று கேட்கலாம். ராயப்பன் கேட்கவில்லை. பிரசவத்துக்கே தனியாக பஸ் ஏறிப் போனவள் அவள். பயம் என்று அவள் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

புதன்கிழமை ஆளில்லாத விண்கப்பல் ஒன்றைக் கட்டி அனுப்பினார். அவள் பக்கத்தில் போய் அது அசையாமல் நின்றால்தான் அவள் மிதந்து வந்து ஏற முடியும். நிற்க வைப்பதற்கென்று விளையாட்டில் தனிப் பெட்டிகள் உண்டு. உள்ளே ஒரு சக்கரம் சுற்றும். அது ஒரு பக்கம் சுற்றினால் கப்பல் மறுபக்கம் திரும்பும். பார்வைக்கு ஒன்றுபோல மூன்று பெட்டிகள் இருந்தன. ராயப்பன் வைத்தது சக்கரமே இல்லாத பெட்டி. எந்தத் திசை என்று அது நினைவு வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கப்பல் தலைகுப்புறச் சுற்றிக்கொண்டே நிலாவைத் தாண்டிப் போய்விட்டது.

வியாழக்கிழமை செய்த தப்பை அவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கப்பலிலிருந்து நான்கு பக்கமும் நீளமாகக் கம்பி நீட்டி, அவற்றின் நுனியில் நான்கு சின்னச் சக்கரப் பெட்டிகளை ஒட்டினார். கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் அவர் கை ஓரத்துக்குத்தான் போகும். கப்பல் லேசில் திரும்ப மறுத்தது. திரும்ப ஆரம்பித்த பிறகு நிற்க மறுத்தது. வெள்ளிக்கிழமை கம்பியை இன்னும் நீட்டினார். இன்னும் மோசமானது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சவுரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாத்தையும் ஏன்யா ஓரத்துல கொண்டுபோய் ஒட்டற? அது இன்னா டயரா? நடுவுல வெச்சுப் பாரேன்."

இருபத்திரண்டு வருஷ அனுபவத்துக்கு ரோஷம் வந்தது. "உனுக்கு இன்னா தெரியும்?" என்றார். அவள் உள்ளே போன பிறகு நடுவில் வைத்துப் பார்த்தார். கப்பல் சொன்ன பேச்சைக் கேட்டது. அன்று அவர் சாப்பிடாமல் இருக்கவில்லை, ஆனால் லேப்டாப் பக்கமே திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

சனிக்கிழமை லீவு போட்டார். சின்னச் சக்கரமா, பெரிய சக்கரமா என்று முடிவு கட்டியாக வேண்டும். ஒரே கப்பல், ஒரே பேட்டரி, நடுவில் மட்டும் பெட்டியை மாற்றி மாற்றி வைத்தார். கப்பல் பாதி வட்டம் திரும்ப எத்தனை விநாடி என்று சவுரியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல, மகளின் பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். பெரியது பதினோரு விநாடி. சின்னது முப்பத்திரண்டு. ஆனால் பெரியதற்கு எடை இரண்டு மடங்கு. நாலு தடவை திருப்புவதற்குள் பேட்டரியையும் குடித்துத் தீர்த்துவிட்டது.

"பெருசு நல்லா வேல செய்யுது" என்றார் ராயப்பன்.

"கரெண்ட் தீந்துபூட்டா நானில்ல நடுவழியில நிப்பேன்? சின்னதே வெய்யி. மெதுவாத்தான் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்தார். சின்னச் சக்கரம் மெதுவாகத்தான் திரும்பியது. அதனால் ஒவ்வொரு திருப்பத்தையும் முன்கூட்டியே ஆரம்பித்தார். கப்பல் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. திரையிலிருந்த குட்டி சவுரியம்மாள் மிதந்து வந்து ஏறிக்கொண்டாள். நாலரை மணிக்குப் பாராசூட் விரிந்து, கடலில் வந்து இறங்கினாள். அசல் சவுரியம்மாள் திரையில் தன் பெயரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பை கட்டப் போனாள்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ராயப்பன் உட்காரவே இல்லை. கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போனால் மூடி கையில் நிற்கவில்லை. எத்தனையோ வண்டிகளின் நடுக்கத்தை நிறுத்திய கை அது. உள்ளே போவதற்காகப் பச்சைத் துணி போர்த்தி ஸ்ட்ரெச்சரில் வந்த சவுரியம்மாள் அதைப் பார்த்தாள். எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் கை நின்றது.

"நான் எறங்கி ஒரு நாள் ஆவுது" என்றாள். "நீ இன்னாத்துக்கு மேலயே சுத்திக்கினு இருக்க? உக்காரு."

ராயப்பன் உட்கார்ந்தார். பதினொன்றேகால் மணிக்குக் கதவு திறந்து, அவளை வெளியே கொண்டுவரும் வரை எழுந்திருக்கவில்லை.